கடல் பக்கத்தில் இல்லாமல் ஆறு உவர்ப்பது எப்படி?

கேள்வி: ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். அமெரிக்காவும் மெக்சிக்கோவும் பகிர்ந்துகொள்ளும் கொலராடோ ஆறு உவர்த்துப்போனதையும், அதற்காக 1973இல் வந்த உடன்பாட்டையும் பாடத்தில் எடுத்தபோது பிள்ளைகள் என்னை மடக்கிவிட்டார்கள். கடலுக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஓடும் ஆறு எப்படி உவர்க்கும்? உடன்பாட்டில் 115 என்று ஒரு எண் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? உப்பைப் பிரிக்கும் ஆலையைக் கட்டிவிட்டு ஏன் சும்மா வைத்திருக்கிறார்கள்? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது உண்டா? இன்னொன்று: கந்தப்பளையில் என் அண்ணா பொலிடனலில் (பொலித்தீன் கூடாரத்தில்) குடைமிளகாய் வைத்திருக்கிறார். தும்புத்தூள் பைகளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிகிறது. அதுவும் இதே கதைதானா?

பதில்:

அன்பின் ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆம், அதே கதைதான். விபரத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

கொத்மலை ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உவர் என்றதும் கடல்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டு ஆறுகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியும்கூட. வறட்சியில் களனி கங்கையின் நீர்வரத்து குறைந்தால் கடல்நீர் ஆற்றின் அடித்தளத்தோடு ஒட்டி உள்ளே ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைப் பக்கம் வரை தொல்லை தருகிறது. அதனால்தான் அங்கே உவர்த்தடுப்பு அணை இருக்கிறது. இந்தியாவின் பரக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கிய பின் கோடைகாலத்தில் பங்களாதேஷின் குல்னாப் பக்கத்து ஆறுகளில் உவர் ஏறியதும் இதே வகை. மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கீழிருந்து கடல் ஏறும். கூடுதல் நன்னீரை விட்டால் இறங்கும். கொலராடோவின் நோய் இதுவல்ல. அங்கே உப்பு மேலிருந்தே வருகிறது.

காரணம் பாறை. நம் மலைநாடு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது: நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட். அவற்றில் கரையக்கூடிய உப்பு மிகக் குறைவு. இருந்த கொஞ்சத்தையும் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழை கழுவிக் கொண்டுபோய்விட்டது. தேயிலை மலைகளின் மண் புளித்துப்போய் இருப்பதற்கும் அந்தக் கழுவல் ஒரு காரணம். கொலராடோவின் நடுப்பகுதியோ ஒருகாலத்தில் உள்நாட்டுக் கடலின் அடித்தளம். அந்தக் கடல் விட்டுப்போன சேற்றுப்பாறைக்கு மான்கொஸ் ஷேல் என்று பெயர். அதற்குள் ஜிப்சமும் வேறு உப்புகளும் கிடக்கின்றன. மழை குறைவு என்பதால் இன்னும் கழுவப்படவில்லை. ஊற்றுமுகத்தில் அந்த ஆற்றின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். 2300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தில் பெரும்பகுதியைக் கடந்து, மெக்சிக்கோ எல்லைக்கு முன்னுள்ள இம்பீரியல் அணைக்கு வரும்போது பல நூறு மில்லிகிராம் ஆகிவிடுகிறது. 1972இல் அது 879.

இந்த இடத்தில் மாணவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துப் பிடிக்க வேண்டும்: சுமை, செறிவு. ஒரு நாளில் ஆறு எத்தனை தொன் உப்பைச் சுமந்து போகிறது என்பது சுமை. ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்பது செறிவு. நீர்த்தேக்கத்தில் வெயில் அடித்து நீர் ஆவியானால் சுமை மாறாது, செறிவு ஏறும். ஊர்களுக்கு நீரைத் திருப்பி எடுத்தாலும் அப்படியே: எடுத்த நீரோடு கொஞ்சம் உப்பும் போகும், ஆனால் அதற்குக் கீழே பாறையில் புதிதாகக் கரையும் உப்பைக் கலக்க ஆற்றில் நீர் போதாது. வயலுக்குப் பாய்ச்சிய நீர் நிலத்துக்குள் இறங்கி, ஷேல் பாறையில் உப்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பினால் சுமையே கூடும். கணக்கு எளிது: ஓட்டத்தைக் கனமீற்றர்/செக்கனிலும் உப்பை மில்லிகிராம்/லீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, 0.0864 ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை தொன் என்று வரும். 50 கனமீற்றர் ஓட்டம், 800 மில்லிகிராம் உப்பு என்றால் நாளொன்றுக்கு 3456 தொன். இந்த எண்ணைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். லொறிக் கணக்கில் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கொலராடோவின் உப்பில் ஏறத்தாழப் பாதி இயற்கையாகச் சேர்வது. மனிதர் சேர்ப்பதில் பெரும்பங்கு பாசனத்தின் கழிவுநீர்.

இனி, சண்டை எப்படி வந்தது என்று பார்ப்போம். 1944 ஒப்பந்தத்தில் மெக்சிக்கோவுக்கு ஆண்டுக்கு 15 இலட்சம் ஏக்கர் அடி நீர் என்று எழுதினார்கள் (ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி). அது 1850 மில்லியன் கனமீற்றர். நம் கொத்மலை நீர்த்தேக்கம் நிரம்பினால் 174 மில்லியன் என்பதால், பத்துக் கொத்மலைக்கு மேல். அளவு எழுதினார்கள், தரம் எழுதவில்லை. 1961இல் அரிசோனாவின் வெல்டன்–மொஹோக் பாசனப் பகுதியில் நிலத்தடி நீர் மேலே ஏறி வேர்களை அழுகச்செய்ததால் கிணறுகள் வெட்டி அந்த நீரை இறைத்து வடிகானில் விட்டார்கள். அந்த நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 6000 மில்லிகிராம் உப்பு. வடிகான் சேர்ந்ததோ மெக்சிக்கோ நீர் எடுக்கும் மொரெலோஸ் அணைக்கு மேலே. 10 பங்கு ஆற்றுநீர் 800இலும் ஒரு பங்கு வடிநீர் 6000இலும் கலந்தால் 1273 வரும், மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். மெக்சிக்கோவுக்குப் போன நீரின் ஆண்டுச் சராசரி 800 அளவிலிருந்து 1500 அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு நவம்பரிலேயே மெக்சிக்கோ முறையிட்டது. அமெரிக்கா சொன்ன பதில், ஒப்பந்தத்தில் தரம் பற்றி ஒன்றும் இல்லையே என்பது. எழுத்துப்படி சரிதான். வயலில் அந்தப் பதில் நிற்காது.

ஏன் நிற்காது என்பதற்குப் பாசனப் பொறியியலின் ஒரு சிறு சூத்திரம் போதும். வேர்ப்பகுதியில் உப்புத் தேங்காமல் இருக்க, பயிருக்குத் தேவையானதற்கு மேலாகக் கொஞ்சம் நீர் விட்டு உப்பைக் கீழே கழுவ வேண்டும். நீரில் உப்புக் கூடக்கூட அது மின்சாரத்தைக் கடத்துவதும் கூடும் என்பதால் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். பாய்ச்சும் நீரில் அந்தக் கழுவல் பங்கு = நீரின் மின்கடத்துதிறன் ÷ (5 × பயிர் தாங்கும் மண்ணின் மின்கடத்துதிறன் − நீரின் மின்கடத்துதிறன்). மில்லிகிராமை 640ஆல் வகுத்தால் மின்கடத்துதிறன் டெசிசீமென்ஸ்/மீற்றரில் கிட்டத்தட்டக் கிடைக்கும். விளைச்சல் குறையாமல் அல்ஃபால்ஃபா தீவனப்பயிர் தாங்குவது 2.0. நீர் 800 மில்லிகிராம் என்றால் 1.25 ÷ 8.75, அதாவது 14 வீதம். நீர் 1500 என்றால் 2.34 ÷ 7.66, அதாவது 30 வீதத்துக்கு மேல். பயிர் குடிப்பது 1000 மில்லிமீற்றர் என்று வைத்தால் முன்பு 1167 மில்லிமீற்றர் பாய்ச்சினால் போதும், இப்போது ஏறத்தாழ 1440 வேண்டும். ஹெக்டயருக்கு 2700 கனமீற்றருக்கு மேல் கூடுதல். அளவு குறைக்கப்படவில்லை என்று அமெரிக்கா சொன்ன அதே நீர், மெக்சிக்காலிப் பள்ளத்தாக்கு விவசாயிக்கு உண்மையில் குறைந்த நீர். தரத்தைப் பற்றிப் பேசாத நீர்ப்பங்கீடு அரைப் பங்கீடு என்று நான் சொல்வது இதனால்தான்.

1965இலும் 1972இலும் இடைக்கால ஏற்பாடுகள் வந்து, கடைசியில் 1973 ஓகஸ்ட் 30ஆம் திகதி இரு நாட்டு எல்லை நீர் ஆணைக்குழுவின் 242ஆம் கூட்டக்குறிப்பு கையெழுத்தானது. கூட்டக்குறிப்பு என்றவுடன் சங்கக் கூட்டத்தில் எழுதிவைக்கும் குறிப்பு மாதிரி நினைக்கவேண்டாம். இரு அரசுகளும் ஏற்றால் அது கட்டுப்படுத்தும் உடன்பாடு. மொரெலோஸுக்கு மேலே கொடுக்கும் 13 இலட்சத்து 60 ஆயிரம் ஏக்கர் அடி நீரின் ஆண்டுச் சராசரி உப்பு, இம்பீரியல் அணையில் அதே ஆண்டு இருக்கும் சராசரியைவிட 115 பீபீஎம்முக்கு (ஒரு பீபீஎம் என்பது ஏறத்தாழ லீற்றருக்கு ஒரு மில்லிகிராம்) மேல் கூடக்கூடாது, 30 முன்பின் ஆகலாம் என்பது அதன் நடுப்புள்ளி. மிச்ச நீர் சான் லூயிஸ் பக்கத்துத் தரைவழி எல்லையில் வழக்கமான தரத்தில் கொடுக்கப்படும்.

115 ஆற்றிலுள்ள உப்பின் வரம்பு அல்ல. இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தின் வரம்பு. இம்பீரியலுக்கும் மொரெலோஸுக்கும் நடுவே அரிசோனாவின் யூமா நகர்ப் பக்கத்து வயல்களின் வடிநீரும் ஆற்றில் சேர்வதால் வித்தியாசத்தைப் பூச்சியமாக்க முடியாது. வறட்சி வந்தால் முழு ஆறுமே உவர்க்கும், அதற்கு யாரைப் பிடிப்பது? வித்தியாசத்தை அளந்தால் இயற்கையின் குற்றமும் அயலாரின் குற்றமும் தனித்தனியாகத் தெரியும். இதை வகுத்தவர்களின் கெட்டித்தனம் இங்கேதான். இன்னொரு வேடிக்கை: அதே குறிப்பில் மெக்சிக்கோவின் எண்ணும் முறைப்படி 121 என்றும் எழுதியிருக்கிறது. உப்பை அளக்கும் முறையே இரு நாட்டுக்கும் ஒன்றாக இல்லாததால், சண்டைபிடிக்காமல் இரண்டு எண்ணையும் போட்டுவிட்டார்கள்.

ஓட்டையும் உண்டு. இம்பீரியலிலேயே உப்பு ஏறினால் வித்தியாசம் சரியாக இருந்தும் மெக்சிக்கோ நீர் கெடும். அதை அடைக்க அமெரிக்கா தன் வீட்டுக்குள் சட்டம் போட்டது: 1974 ஜூன் 24இன் கொலராடோ ஆற்றுப்படுகை உவர்க்கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் முதற்பகுதி எல்லைக்கருகிலான வேலைகள். இரண்டாம் பகுதி மேலே, உப்பு சேருமிடத்திலேயே தடுக்கும் வேலைகள். ஆற்றில் மூன்று இடங்களுக்கு வரம்பும் வைத்தார்கள்: ஹூவர் அணைக்குக் கீழே 723 மில்லிகிராம், பார்க்கர் அணைக்குக் கீழே 747, இம்பீரியலில் 879.

இந்த இரண்டாம் பகுதிதான் உண்மையில் வேலை செய்தது. அதன் வேலைகள் எல்லாம் மேசன் வேலை, குழாய் வேலை. கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் பள்ளத்தாக்கு (புகழ்பெற்ற கிராண்ட் கன்யன் அல்ல) மாதிரி ஷேல் மேல் கிடக்கும் பாசனப் பகுதிகளில் மண் வாய்க்கால் கசியும். கசிந்த நீர் பாறைக்குப் போய் உப்போடு திரும்பும். எனவே பெரிய வாய்க்காலுக்குக் கொங்கிறீற் அல்லது நீர்புகாத விரிப்பு, கிளை வாய்க்காலை நிலத்தடிக் குழாயாக மாற்றுதல், வயலில் வெள்ளப்பாசனத்துக்குப் பதில் தூவல் பாசனம் அல்லது மதகு வைத்த குழாய். உப்பை யாரும் கையால் தொடவில்லை. பாறைக்குள் இறங்கும் நீரைக் குறைத்தார்கள், அவ்வளவே. 1995இல் சட்டத்தைத் திருத்தி, ஒரு தொன் உப்பைத் தடுக்க ஆகக் குறைந்த செலவு காட்டும் பாசனச் சங்கத்துக்குப் பணம் என்று போட்டிமுறை கொண்டுவந்ததை நான் இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். இன்று எல்லாமாகச் சேர்த்து ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் உப்பு ஆற்றுக்குள் போகாமல் தடுக்கப்படுகிறது.

பரடொக்ஸ் பள்ளத்தாக்கு தனிக் கதை. டொலோரெஸ் என்ற கிளையாறு அந்தப் பள்ளத்தாக்கின் நீளத்துக்கு ஓடாமல் குறுக்கே வெட்டிப் போகிறது. அந்த முரண்தான் பள்ளத்தாக்கின் பெயரே. கீழே உப்புப் படிவம். அதில் ஊறிய நிலத்தடி நீரில் லீற்றருக்கு 260 கிராம் உப்பு, கடல்நீரைவிட ஏழு மடங்குக்கு மேல். அது ஆற்றில் ஊறுவதற்கு முன் ஆழமற்ற கிணறுகளால் இறைத்து, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் ஆழமுள்ள ஒரு துளைவழி பாறைக்குள் அழுத்தி விடுகிறார்கள். 1996 முதல் தொடர்ந்து செய்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தொன் உப்பைத் தடுத்தார்கள். ஆனால் அழுத்திய நீர் பாறையின் பிளவுகளை வழுக்கச் செய்யும். 2000இல் 4.3 அளவிலும் 2019 மார்ச்சில் 4.5 அளவிலும் நிலம் நடுங்கியது. இரண்டாவதற்குப் பின் நிறுத்திவிட்டு, 2022இல் குறைந்த வேகத்தில்தான் திரும்பத் தொடங்கினார்கள்.

வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போடுவதற்கும் விலை உண்டு. கசிவை நம்பி வளர்ந்த ஈரநிலங்கள் காய்ந்துபோகும். எல்லையோரத்து ஓல்-அமெரிக்கன் கால்வாயில் 37 கிலோமீற்றரை 2009இல் கொங்கிறீற் ஆக்கியது நீரைச் சேமிக்கத்தான், உவருக்காக அல்ல. ஆனால் அதன் கசிவில் ஊறிய மெக்சிக்கோப் பக்கக் கிணறுகளுக்கு வரத்து குறைந்தது. மேலே இருப்பவர் விரயம் என்று எழுதுவது கீழே இருப்பவரின் கிணறு என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும். பரீட்சையில் கேட்கமாட்டார்கள், இருந்தாலும்.

இப்போது சும்மா இருக்கும் ஆலை. வெல்டன்–மொஹோக் வடிநீரைச் சுத்திகரித்துத் திரும்ப ஆற்றில் விட்டு, அதையும் மெக்சிக்கோவின் பங்கில் கணக்கெழுதலாம் என்பதுதான் யூமா உப்புநீக்க ஆலையின் யோசனை. முறை எதிர்ச்சவ்வூடுபரவல்: அழுத்தம் கொடுத்து நீரை மெல்லிய சவ்வு வழியே தள்ளி, உப்பைப் பின்னே நிறுத்துவது. வடிநீரைச் சவ்வுக்கு நேரே விட முடியாது. கல்சியம் படிந்து சவ்வை அடைத்துவிடும். எனவே முதலில் சேற்றைப் படியவிட்டு, சுண்ணாம்பு சேர்த்துக் கல்சியத்தை இறக்கி, மணல் வடிகட்டியில் விட்டு, பிறகே அழுத்தத்தில் சவ்வுக்கு. அந்த முன்வேலைக்கே பெரிய நிலமும் இரசாயனமும் ஆளும் வேண்டும். ஆலை 1992இல் முடிந்தது. மூன்றில் ஒரு பங்கு வலுவில் ஓடியது. 1993 ஜனவரியில் கொலராடோவின் கிளையான கிலா ஆற்று வெள்ளம் வடிகானை உடைத்ததோடு நின்றது. அந்த ஆண்டுகள் மழை நிறைந்தவை. ஹூவர் அணை தேக்கும் மீட் நீர்த்தேக்கத்தில் நீர் தாராளம். விலையுயர்ந்த நீரைத் தயாரிக்க யாருக்கும் அவசரம் இல்லை. 2007இலும் 2010–11இலும் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தார்கள்.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. ஆலை வரும்வரை வடிநீரை ஆற்றில் கலக்காமல், 1977இல் முடித்த கொங்கிறீற் வடிகான் மூலம் மெக்சிக்கோவின் சாந்தா கிளாராத் தாழ்நிலத்துக்கு அனுப்பினார்கள். தற்காலிகம் என்று நினைத்த அந்த நீர் காய்ந்த நிலத்தில் பெரிய சம்புப்புல் ஈரநிலத்தை உண்டாக்கி, அருகிவரும் யூமா நீர்க்கோழிக்கும் புலம்பெயர் பறவைகளுக்கும் வீடாகிவிட்டது. 1993இல் மெக்சிக்கோ அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட உயிர்க்கோள ஒதுக்கமாக அறிவித்தது. இப்போது ஆலையை முழுதாக ஓட்டினால் அங்கே போகும் நீர் குறையும், போவதும் ஆலை கழித்த அடர் உவராக இருக்கும். ஓட்டாமல் விட்டால் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் வடிநீர் மெக்சிக்கோவின் கணக்கில் சேராமல் போகும். அதை மீட் நீர்த்தேக்கத்து நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே ஆலையைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. என் கருத்தில் ஆலையின் அடிப்படைப் பிழை அது இருக்கும் இடம்: உப்பு எல்லாம் சேர்ந்து முடிந்த வாலில் நின்றுகொண்டு பிரிக்கப் பார்க்கிறது.

பாறைக்குள் இறங்கும் நீர் உப்பைக் கரைத்து வருவதை வகுப்பில் செய்துகாட்டலாம். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டி, மூடியில் ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டு, வாய்க்குள் பஞ்சு வைத்துக் கவிழ்த்துக் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் 200 கிராம், பொடித்த ஜிப்சம் 20 கிராம் கலந்து போடுங்கள். ஜிப்சம் கிடைக்காவிட்டால் பிளாஸ்டர் ஒப் பரிஸை நீரில் குழைத்து இறுகவிட்டு இடித்துக்கொள்ளலாம். கரும்பலகைச் சோக்கை நம்பவேண்டாம். சில வகை கல்சியம் காபனேற்று. அது கரையாது, மீற்றரும் அசையாது. முதல் போத்தலில் மழைநீர் அரை லீற்றர், இரண்டாவதில் இரண்டு லீற்றர், மெல்ல மெல்ல, இடையில் பத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஊற்றுங்கள். வடிந்ததைத் தனித்தனியாகச் சேர்த்து, கையடக்க மின்கடத்துதிறன் மீற்றரால் அளவுங்கள். இரண்டிலும் 2 டெசிசீமென்ஸ் அளவில் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். ஏனெனில் ஜிப்சம் லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் கரைந்ததும் நிறைவுறும். செறிவு ஒன்று, ஆனால் சுமை நான்கு மடங்கு. வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போட்டால் ஏன் உப்புக் குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. வேகமாக ஊற்றினால் நிறைவுறாமல் எண் குறையும். இரண்டு போத்தலும் ஒத்துவராததற்கு வழக்கமான காரணம் அதுதான். மீற்றரை முதலில் 1413 மைக்ரோசீமென்ஸ் சரிபார்ப்புக் கரைசலில் வைத்துச் சரிசெய்யுங்கள். பீபீஎம்மில் காட்டும் மீற்றர்களில் சில 500ஆலும் சில 640, 700ஆலும் பெருக்குகின்றன, ஆகவே மின்கடத்துதிறனையே குறித்துக்கொள்வது நல்லது.

அண்ணாவின் பைகளுக்கு வருவோம். கந்தப்பளை ஓடை நீரில் உப்புக் குறைவு. வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் அவர் கரைத்து விடும் பசளை. நீர் ஆவியாகி உப்பைப் பையின் ஓரத்தில் விட்டுப்போகிறது. மீட் நீர்த்தேக்கத்தில் நடப்பதும் அதுதான். காலையில் சொட்டுக்குழாயில் விழும் கரைசலையும் பையின் அடியில் வடிவதையும் அளக்கச் சொல்லுங்கள். இம்பீரியலும் மொரெலோஸும் போல, பார்க்கவேண்டியது வித்தியாசத்தை. வடிநீர், விடும் கரைசலைவிட 1 டெசிசீமென்ஸுக்கு மேல் கூடினால் கழுவல் போதவில்லை. விடுவதில் 20 முதல் 30 வீதம் வடிய வேண்டும். ஏற்கனவே ஏறிவிட்டால் வெறும் நீரைக் கொட்டாமல், ஏறத்தாழ 1 டெசிசீமென்ஸ் கொண்ட ஐதான கரைசலை 10 லீற்றர் பைக்கு 15 முதல் 20 லீற்றர் வரை, பல தவணையாக மெதுவாக விடட்டும். உப்பு ஏறிய பையில் கல்சியம் பழத்துக்கு எட்டாமல் பழத்தின் அடி அழுகும். அதை நோய் என்று நினைத்துப் பூஞ்சணக்கொல்லி அடிப்பது வீண்செலவு.

புதுத் தும்புத்தூள் வாங்கினால் அதையும் பார்க்க வேண்டும். கரையோரக் களப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளில் கடலுப்பு இருக்கும். ஒரு கோப்பைத் தூளை ஐந்து கோப்பை மழைநீரில் கலக்கி அரை மணி நேரம் விட்டு அளந்து, 0.5 டெசிசீமென்ஸுக்கு மேல் இருந்தால் நன்னீரில் கழுவி, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி கழுவிய பிறகே பையில் நிரப்பலாம்.

வடியும் நீரை ஓடைக்கோ கீழ் லயத்துப் பீலிக்குப் போகும் கானுக்கோ விடாமல் ஒரு தாங்கியில் சேர்த்து, பொலிடனலுக்கு வெளியே இருக்கும் தீவனப்புல்லுக்கோ கோவாப் பாத்திக்கோ பாய்ச்சச் சொல்லுங்கள். அதில் நைத்திரேற்று நிறைய இருக்கும்.